கையில் தோல் ஒட்டு: தொடைப் புண் ஆறி, விரல் மடங்கும் வரை செய்ய வேண்டியவை

இது அறுவை சிகிச்சை செய்பவர்களுக்கு எழுதியது இல்லை. கையில் அடிபட்டு, "தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார், அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் வீட்டுக்காரர்களுக்கு எழுதியது. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வீடு வீடாகப் போய் டிரஸ்ஸிங் கட்டுவது என் வேலை. புதுவயல் அரிசி ஆலையில் பெல்ட்டுக்குள் கை போனவர், பலகாரச் சட்டி கவிழ்ந்து எண்ணெய் கொட்டியவர், ஆத்தங்குடித் தரைக் கல் போடும் பட்டறையில் ஈர சிமெண்டில் கை வெந்தவர், பைக்கிலிருந்து விழுந்து புறங்கைத் தோல் உரிந்தவர் என்று ஆள் மாறுவார்கள். தவறுகள் மட்டும் மாறுவதில்லை.

கையை அசைக்கவே கூடாத முதல் வாரத்தில் அசைக்கிறார்கள். அசைத்தே ஆக வேண்டிய நாள் வந்ததும் பயந்துகொண்டு பொத்தி வைக்கிறார்கள். தொடைப் புண்ணைச் சும்மா விட்டால் தானாக ஆறும். அதைப் போய்க் கிளறுகிறார்கள். கீழே உள்ள வரிசை இந்த மூன்றையும் மனதில் வைத்து எழுதியது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி. காயத்தை நேரில் பார்த்தவர் அவர்.

1. அடிபட்டவுடன்

முதலில் மோதிரம், வளையல், காப்பு, மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கை வீங்க ஆரம்பித்துவிட்டால் மோதிரம் விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். கல்யாண மோதிரம் என்று தயங்கினால் பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய் கொட்டினாலும் தீ சுட்டாலும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மஞ்சள், காபித்தூள், டூத்பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். காயம் எவ்வளவு ஆழம் என்பதை அதன் நிறத்தை வைத்துத்தான் டாக்டர் கணிக்கிறார். மேலே பூசியதை எல்லாம் தேய்த்துக் கழுவி எடுத்த பிறகுதான் நிறமே தெரியும்.

ஈர சிமெண்ட் விஷயத்தில் ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. அது பட்டவுடன் வலிக்காது. சிமெண்டில் இருக்கும் காரத்தன்மை தோலுக்குள் மெதுவாக இறங்கும். நாள் முழுக்க ஈரக் கையுறைக்குள்ளேயே கை இருந்தால் ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் எரியும், மறுநாள் அந்த இடம் கறுத்திருக்கும். கை நனைந்தவுடன் கையுறையைக் கழற்றி நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும். எலுமிச்சை பிழிந்து காரத்தை முறிக்கப் பார்க்காதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு செத்துவிடும். அப்புறம் 108 ஆம்புலன்ஸ், டி.டி. தடுப்பூசி எல்லாம் வழக்கம்போல. ஆலையிலோ பட்டறையிலோ நடந்த விபத்து என்றால் மருத்துவமனையில் எங்கே, எப்படி என்று உள்ளது உள்ளபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

2. ஒட்டு தேவைதானா என்று பார்ப்பது

எல்லாக் காயத்துக்கும் ஒட்டு தேவைப்படாது. விரல் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குள் தோல் போய், எலும்பு தெரியாமல் இருந்தால் கட்டுப் போட்டே பெரும்பாலும் ஆறிவிடும். மூன்று வாரத்துக்குள் தானாக ஆறாது என்று தோன்றும் ஆழமான காயத்துக்குத்தான் தோல் வைப்பார்கள். கையில் அதற்கு மேல் இழுத்துக்கொண்டே போனால் தழும்பு தடித்து விரலைச் சுருட்டிவிடும்.

இன்னொன்று, ஒட்டிய தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. கீழே இருக்கும் சதையிலிருந்துதான் அது பிழைக்க வேண்டும். அதனால் வெறும் எலும்பின் மேலோ, மேலுறை போன நரம்பின் மேலோ தோலை வைத்தால் ஒட்டாது. (நம் ஊரில் நரம்பு என்று சொல்லும் அந்த வெள்ளை வார், விரலை இழுக்கும் தசைநாண்.) அந்த மாதிரிக் காயத்துக்கு ரத்தக்குழாயோடு சேர்ந்த தோலைத் திருப்பி வைப்பார்கள். சில சமயம் கையை அடிவயிற்றோரம் இடுப்பில் வைத்துத் தைத்து, சுமார் மூன்று வாரம் அப்படியே வைத்திருப்பார்கள். பார்க்கிற சொந்தக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். பழைய, நம்பகமான முறைதான் அது.

"அட்மிட் ஆகி நாலு நாள் ஆச்சு, இன்னும் ஆபரேஷன் பண்ணலை" என்று சண்டைக்குப் போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆலைக் காயத்தில் உமியும் கிரீஸும் இருக்கும், செத்த சதையும் இருக்கும். அதை ஒரு முறையோ இரண்டு முறையோ சுத்தம் செய்து, அடியில் சிவப்பாகச் சதை வந்த பிறகு வைத்தால்தான் தோல் பிடிக்கும். அழுக்கின் மேல் அவசரமாக வைத்த தோல் சீழோடு கழன்று வரும்.

3. மெல்லிய தோலா, முழுத் தோலா

இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் எந்தப் புண்ணை எப்படிப் பார்ப்பது என்பது விளங்கும்.

மெல்லிய தோல் என்பது மேல்தோலையும் உள்தோலில் ஒரு பங்கையும் சீவி எடுப்பது. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பெரும்பாலும் தொடையிலிருந்து எடுப்பார்கள். எடுத்த இடத்தில் தையல் கிடையாது, சிராய்ப்பு மாதிரி தானாக ஆறும். புறங்கை முழுக்கப் போனது போன்ற பெரிய காயத்துக்கு இதுதான். வலை போலக் கீறி விரித்து வைக்கும் முறையும் உண்டு. ஆனால் ஆறிய பிறகும் அந்த வலை அடையாளம் தெரியும், சுருக்கமும் கூடும் என்பதால் கைக்கு முடிந்தவரை முழு விரிப்பாகவே வைப்பார்கள்.

முழுத் தோல் என்பது உள்தோல் மொத்தத்தையும் சேர்த்து எடுப்பது. இடுப்போரம், மேல்கையின் உட்புறம் மாதிரித் தோல் தளர்வாக இருக்கும் இடங்களிலிருந்து சிறிய துண்டாக எடுத்து, அந்த இடத்தைத் தைத்து மூடிவிடுவார்கள். உள்ளங்கைக்கும் விரலின் உட்புறத்துக்கும் இதுவே நல்லது, காலப்போக்கில் குறைவாகத்தான் சுருங்கும். ஒரு குறை, இடுப்போரத் தோல் உள்ளங்கையில் கறுப்பாகத் தெரியும், சில சமயம் முடியும் முளைக்கும். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் அதிர்ச்சி இருக்காது.

4. ஆபரேஷனுக்கு முன்பு வீட்டில் தயார் செய்ய வேண்டியவை

பீடி, சிகரெட், புகையிலை எல்லாம் அன்றே நிறுத்த வேண்டும். நிகோட்டின் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஒட்டுத் தோல் பிழைப்பதே அந்தக் குழாய்களை நம்பித்தான். "ஒண்ணே ஒண்ணு" என்று மருத்துவமனை வாசலில் பற்ற வைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து என்று எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

தொடை முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி ஏறும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரல் நுனியின் நிறத்தை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

எந்தத் தொடை என்பதை முன்பே பேசிவிடலாம். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், எந்தக் காலை ஊன்றி எழுவீர்கள் என்று சொன்னால், மருத்துவக் காரணம் தடுக்காதவரை, கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது, யாருமே யோசிக்காத கழிப்பறை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அது பின்கட்டைத் தாண்டி, தரையோடு தரையாக இருக்கும். சீவிய தொடையோடு குத்த வைத்து உட்கார்ந்தால் கட்டு இழுபடும், காயம் விண்ணென்று தெறிக்கும். எழும்போது பழக்கத்தில் அடிபட்ட கையை ஊன்றிவிடுவார்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். பேண்டைத் தூக்கி வைத்துவிட்டு வேட்டி, கைலி, தளர்வான நைட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

5. முதல் ஐந்து நாள்: கை அசையக் கூடாது

வைத்த தோல் முதல் ஒன்றிரண்டு நாள் கீழே ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் கீழே உள்ள நுண்குழாய்களும் தோலில் உள்ள குழாய்களும் வாயோடு வாய் சேர ஆரம்பிக்கும். நாலைந்து நாளில் ரத்த ஓட்டம் நிலைக்கத் தொடங்கும். புதிதாகப் பதித்த தரைக் கல் போலத்தான் இதுவும். காயும் முன் நகர்த்தினால் பிடிப்பு விட்டுப்போகும். அடியில் இடைவெளி இருந்தால் மேலே சரியாகத் தெரிந்தாலும் உள்ளே ஒட்டியிருக்காது. ஒட்டுத் தோலில் அந்த இடைவெளியை உண்டாக்குவது அடியில் தேங்கும் ரத்தமும் நீரும்.

அதனால்தான் பஞ்சை உருண்டையாக வைத்து மேலே நூலால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் மாவுக்கட்டும் போட்டு அனுப்புகிறார்கள். அந்த உருண்டையை "ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று தளர்த்துவதுதான் முதல் வாரத்தின் பெரிய தவறு. அந்த அழுத்தம் வேண்டுமென்றே கொடுத்தது. இறுக்கம் அளவுக்கு மீறியதா என்பதை விரல் நுனியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நுனி நீலமாக, ஜில்லென்று, மரத்துப்போய் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

கை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தொங்கினால் வீங்கும், வீங்கினால் தோலுக்கு அடியில் நீர் கோக்கும். ஊஞ்சல் கொக்கியில் துண்டைக் கட்டி மணிக்கட்டைத் தொங்கவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் துண்டு சுருண்டு மணிக்கட்டை அறுக்கிறது. முழங்கையிலிருந்து விரல் வரை தாங்குகிற மாதிரி இரண்டு தலையணை போதும். தூக்கத்தில் கை நழுவும், அதற்காகவாவது ராத்திரி ஒருவர் பக்கத்தில் படுங்கள்.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் பஸ்ஸில் வர வேண்டாம் என்பேன். சடன் பிரேக் போட்டால் எந்த மனிதரும் கைக்குக் கிடைத்த கம்பியைப் பிடிப்பார். செலவானாலும் கார் வைத்து, பின் சீட்டில் தலையணையோடு வருவது நல்லது.

6. முதல் கட்டுப் பிரிப்பு

இதை வீட்டில் செய்யக் கூடாது. பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டி, வைத்தவரே பிரிப்பார். ஒட்டிக்கொண்டிருக்கும் துணியை நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். அவசரத்தில் துணியோடு தோலும் சேர்ந்து வந்துவிடும்.

மெல்லிய தோல் இளஞ்சிவப்பாக, அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்கிறது என்றால் பிடித்துவிட்டது. முழுத் தோல் ஆரம்பத்தில் நீலம் பாரித்து, மேல் அடுக்கு உரிந்து பயமுறுத்தும். அடியில் பிழைத்துவிட வாய்ப்பு உண்டு, எனவே டாக்டர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால் பொறுங்கள். காய்ந்து கன்னங்கரேலென்று ஆகிவிட்ட பகுதி போனது போனதுதான். சின்ன இடமென்றால் கட்டிலேயே ஆறும்.

7. தொடைப் புண்: சும்மா விடுங்கள்

கையைவிடத் தொடைதான் அதிகம் வலிக்கும். எல்லோரும் ஆச்சரியப்படும் விஷயம் இது. தோலைச் சீவியதும் உள்தோலில் இருக்கும் வலி நரம்பு முனைகள் வெளியே வந்துவிடுகின்றன, காற்றுப் பட்டாலே எரியும். முதல் மூன்று நாள் வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். வலி ஏறிய பிறகு கொடுத்தால் பிடிபடாது.

மயிர்க்கால்களிலும் வேர்வைச் சுரப்பிகளிலும் மிச்சமிருக்கும் செல்கள் பெருகிப் பரவித்தான் புண் மூடுகிறது. நல்ல உடம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும்; தடித்த தோல் எடுத்திருந்தால், வயதானவர், சர்க்கரைக்காரர் என்றால் மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்தப் பரவல் நடப்பது, உள்கட்டாக வைத்திருக்கும் மெழுகுத் துணிக்கு அடியில். அதைப் பிய்த்தால் புதிதாக வந்த தோலும் சேர்ந்து போகும், கணக்கு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் விடவே இல்லை. "தம்பி, காத்தாட விட்டாத்தானே காயும்? அந்தத் துணியைப் பிச்சு எடுத்துரு, மஞ்சப்பத்துப் போடுவோம்." "ஆச்சி, அதுக்கு அடியிலதான் இப்போ தோல் வந்துக்கிட்டிருக்கு. பிச்சா மறுபடி ரத்தம் வரும், பேரனுக்கு இன்னும் ரெண்டு வாரம் கூடும்" என்றதும்தான் மஞ்சள் டப்பா உள்ளே போனது.

நடைமுறையில் இப்படி. முதல் நாள் ரத்தமும் நீரும் ஊறி வெளிக்கட்டு நனையும். வெளிப் பஞ்சை மட்டும் மாற்றுங்கள், தோலோடு ஒட்டிய துணியைத் தொட வேண்டாம். சில நாளில் அது காய்ந்து பக்கு மாதிரி விறைத்துக்கொள்ளும். அது நல்லதுதான். பத்து நாளுக்குப் பிறகு ஓரங்கள் தானாக எழும்பும். எழும்பிய ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், இழுக்காதீர்கள். டாக்டர் குளிக்கலாம் என்ற பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கால் மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தால் மீதியும் வலிக்காமல் கழன்று வரும். ஒட்டு வைத்த கை மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில மருத்துவமனைகளில் மெழுகுத் துணிக்குப் பதில் கொலாஜன் தாளோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலமோ போட்டிருப்பார்கள். படலத்துக்கு அடியில் பழுப்பு நீர் தேங்கி நிற்பதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து குத்திவிடாதீர்கள்.

நாற்றத்தை வைத்தும் பதறுவார்கள். ஒரு வாரத்தில் பழைய ரத்தம் ஊறிய துணி லேசாக வீசத்தான் செய்யும். குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது, பச்சை நிறத்தில் ஈரம் கசிவது, புண் ஓரத்தைத் தாண்டிச் சிவப்பு பரவுவது, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் காட்டுங்கள்.

மூடிய பிறகு வருவது அரிப்பு. புதுத் தோலில் எண்ணெய்ப் பசை குறைவு, வறண்டு நமைக்கும். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெயைத் தடவி, சொறியாமல் உள்ளங்கையால் தட்டிக் கொடுங்கள். ஜீன்ஸ் போட்டு உரசினால் கொப்புளம் வரும், அதனால் இன்னும் ஒரு மாதம் வேட்டியே நல்லது. நிறம் முதலில் சிவந்து, பிறகு நம் தோலுக்குக் கறுத்தோ வெளுத்தோ இருந்து, மெல்ல மங்கும். மாதக்கணக்கில் ஆகும், வெயில் பட்டால் கறுப்பு கூடும். முழுத் தோல் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, தையல் கோடு மட்டும்தான். இடுப்போரம் வேர்க்கும் இடம், உலர்வாக வைத்துக்கொண்டால் போதும்.

8. சாப்பாடு

முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, பருப்பு ஆகாது என்று ரசச் சோற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு இடத்தில் தோல் முளைக்க வேண்டிய உடம்புக்குப் புரதத்தை நிறுத்துவது அநியாயம். முட்டை, மீன், நாட்டுக்கோழி, பருப்பு, தயிர், நெல்லிக்காய், கொய்யா எல்லாம் கொடுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒன்றை மட்டும் விடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. இனி விரலை மடக்க வேண்டும்

தோல் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒட்டுத் தோல், அதிலும் மெல்லிய தோல், மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். அந்தச் சுருக்கத்தோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் "ஆரம்பிக்கலாம்" என்று சொன்ன நாளிலிருந்து ஒரு நாளும் விடக் கூடாது.

புறங்கையில் ஒட்டு என்றால் முஷ்டி பிடிப்பதுதான் கஷ்டப்படும், உள்ளங்கையில் என்றால் விரிப்பது. எது கஷ்டமோ அதைத்தான் அதிகம் செய்ய வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் தனியாகப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒட்டிய தோல் இழுபட்டு வெளுக்கும் வரை போய், அங்கே பத்து எண்ணி விடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள இடம் சுருங்கிவிட்டால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது, அதைத் தனியாக விரித்து விடுங்கள். செய்வதற்கு முன் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் அழுத்தி நீவினால் தோல் இளகும். நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் செய்வதைவிட நாலைந்து முறை பத்துப் பத்து நிமிடம் செய்வது பலன் தரும்.

ராத்திரிக்கு ஸ்ப்ளிண்ட் (கையை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் தாங்கு கட்டை) கட்டாயம். தூக்கத்தில் கை தனக்குச் சுகமான வளைவுக்குப் போய்விடும், தழும்பு அந்த வளைவிலேயே இறுகும். புறங்கைக்கு அடிவிரல் மூட்டு மடங்கி மற்ற மூட்டுகள் நேராக இருக்கும் மாதிரியும், உள்ளங்கைக்கு விரல்கள் விரிந்து நிற்கும் மாதிரியும் செய்து தருவார்கள். இறுக்கமான கையுறை கொடுத்தால் நாளில் 23 மணி நேரம் போட வேண்டும், கழற்றுவது குளிக்கவும் பயிற்சிக்கும் மட்டும். தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும், அதுவரை இந்தச் சடங்கு தொடரும். குழந்தை என்றால் வளர வளர எலும்பு நீளும், ஒட்டுத் தோல் அதே வேகத்தில் வளராது. வருடாவருடம் காட்டிக்கொண்டே இருங்கள்.

10. அடுப்படிக்கும் பட்டறைக்கும் திரும்பும்போது

ஒட்டிய தோலில் உணர்ச்சி உடனே வராது. மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் வரும், பழையபடி முழுதாக வராமலும் போகலாம். பலகாரம் போடுகிற அம்மாக்கள் சட்டி சூட்டைக் கை சொல்லும் என்று நம்பிப் பழகியவர்கள். இனி அந்தக் கை சொல்லாது. அடுப்பில் இருப்பதை நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றக் கையை நீட்ட வேண்டும், தடித்த பிடிதுணி இல்லாமல் எதையும் இறக்கக் கூடாது.

கல் பட்டறைக்குப் போகிறவர்கள் உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே ஈரம் இறங்கியது தெரிந்த நிமிடமே கழற்றிக் கழுவுங்கள். உணர்ச்சி இல்லாத தோலில் சிமெண்ட் ஊறினால் எரிச்சலே தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆலையில் பெல்ட், ரோலர் பக்கத்து வேலை பிடிமானம் முழுதாகத் திரும்பும் வரை வேண்டாம்.

இவ்வளவு செய்தும் விரல் மடங்காமலோ விரியாமலோ நின்றுவிட்டால் தழும்பை விடுவித்து மறுபடி தோல் வைக்க வழி இருக்கிறது. தழும்பு அடங்கும் வரை காத்திருந்து செய்வதுதான் வழக்கம். ஆனால் மூட்டு இறுகிக்கொண்டே வந்தால் காத்திருக்காமல் முன்பே காட்டுங்கள். மூட்டு ஒருமுறை விறைத்துவிட்டால் மேலே எத்தனை நல்ல தோல் வைத்தாலும் விரல் திரும்பாது.